‘சிங்க் போயிருக்கு’ என்றால் என்ன? இரட்டை கார்புரேட்டர் வண்டிகளில் அதைக் கண்டுபிடிப்பதும் சோதிப்பதும்

இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் எல்லா பங்க்குகளிலும் வந்துவிட்ட பிறகு, பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒரே மாதிரிப் புகார்கள் கேட்கின்றன. ஐடிலிங் (ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் இஞ்சின் ஓடுவது) நிற்கவில்லை, சிக்னலில் அணைந்துவிடுகிறது, ஆக்ஸிலேட்டரை லேசாகத் திருப்பினால் வெட்டி வெட்டி எடுக்கிறது. வண்டி இரட்டை சிலிண்டராக இருந்தால் அநேகமாக முதலில் வரும் தீர்ப்பு, ‘கார்புரேட்டர் சிங்க் போயிருக்கு’. உடனே ஸ்க்ரூ டிரைவர் வெளியே வரும், இரண்டு கார்புரேட்டரிலும் எல்லா ஸ்க்ரூவும் திருப்பப்படும், இரண்டு நாளில் வண்டி முன்பைவிட மோசமாகும்.

சிங்க் (சிங்க்ரனைசேஷன், அதாவது ஒத்திசைவு) உண்மையில் எளிமையான விஷயம். ஆனால் அது ஒப்பீடு மட்டுமே. இரண்டு சிலிண்டரும் ஒரே அளவு மூச்சு இழுக்கின்றனவா என்பது மட்டும்தான் அங்கே கேள்வி. இழுக்கவில்லை என்றால் அதற்குக் கார்புரேட்டர் கதவு காரணமா, வேறு ஏதாவதா என்பதை ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும்.

யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது

நம் ஊர் சாலைகளில் ஓடும் பெரும்பாலான வண்டிகளுக்கு ஒரே சிலிண்டர், ஒரே கார்புரேட்டர். அங்கே சிங்க் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஏனென்றால் ஒப்பிட இன்னொன்று கிடையாது. ஸ்ப்ளெண்டருக்கோ புல்லட்டுக்கோ ‘சிங்க் பண்ணினேன்’ என்று பில் போட்டால், செய்தது ஐடில் டியூனிங்தான்.

குழப்பம் வரும் இடங்கள் இரண்டு.

1. எஸ்டி, ஜாவா 250. இரண்டு சைலன்சர் இருக்கும். சிலிண்டர் ஒன்றுதான், அதிலிருந்து புகை வெளியேற இரண்டு வழி வைத்திருந்தார்கள். கார்புரேட்டரும் ஒன்றுதான்.

2. பல்சர் டிடிஎஸ்-ஐ. இரண்டு ஸ்பார்க் பிளக் இருக்கும். இரண்டும் ஒரே சிலிண்டருக்குள்தான் பொறி தருகின்றன.

எனவே சைலன்சரையோ பிளக்கையோ எண்ணாமல் கார்புரேட்டரை எண்ணுங்கள். இந்தியாவில் பரவலாகத் தெரிந்த இரட்டை கார்புரேட்டர் வண்டிகள் என்றால் இரண்டைச் சொல்லலாம். முதலாவது ராஜ்தூத் 350. யமஹா ஆர்டி 350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் இங்கே தயாரித்தது. 347 சிசி, டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர். இரண்டாவது, 2009-இல் இங்கே விற்பனைக்கு வந்த கவாசாகி நிஞ்ஜா 250ஆர். அது ஃபோர் ஸ்ட்ரோக், இரண்டு கெய்ஹின் கார்புரேட்டர். அதற்குப் பின் வந்த நிஞ்ஜா 300 இஞ்செக்‌ஷனுக்கு மாறிவிட்டது. இவை தவிர, இறக்குமதியாக வந்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய நாலு சிலிண்டர் ஜப்பான் வண்டிகளும் உண்டு.

இந்த இரண்டையும் எடுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கார்புரேட்டரில் உள்ள இரண்டு பெரிய வகைகளுக்கு இவை ஒவ்வோர் உதாரணம். வகை மாறினால் சோதிக்கும் முறையும் மாறும்.

இரண்டு வகைக் கதவுகள்

கார்புரேட்டர் என்பது காற்று போகும் ஒரு குழாய், அதில் ஒரு கதவு. கதவு திறக்கும் அளவுக்குக் காற்று போகும். போகும் காற்று தேவையான பெட்ரோலை ஜெட் என்ற சிறு துளை வழியாக உறிஞ்சிக்கொள்ளும்.

ஆர்டியில் இருப்பது ஸ்லைடு வகை. ஆக்ஸிலேட்டர் கேபிள் நேராக ஒரு உருளையைத் தூக்குகிறது. ஒரு கேபிள் வந்து நடுவில் பிரிந்து இரண்டு கார்புரேட்டருக்கும் போகிறது. மூன்றாவது கிளை ஆயில் பம்புக்கு. ஒவ்வொரு கார்புரேட்டருக்கும் தனித்தனி ஐடில் ஸ்க்ரூ, கலவையை மாற்றத் தனித்தனி ஏர் ஸ்க்ரூ. அதாவது இரண்டு கதவும் ஒன்றோடொன்று கட்டப்படவில்லை. இரண்டு கேபிள் ஒரே நேரத்தில் இழுக்கும் என்ற நம்பிக்கையில் ஓடுகின்றன.

நிஞ்ஜாவில் இருப்பது சிவி (கான்ஸ்டன்ட் வெலாசிட்டி) வகை. ஆக்ஸிலேட்டர் திருப்புவது ஒரு தட்டையான பட்டர்ஃப்ளை கதவை. அதற்கு முன்னால் இருக்கும் ஸ்லைடை, இஞ்சின் உறிஞ்சும் வெற்றிடம் ஒரு ரப்பர் டயாஃப்ரம் வழியாகத் தானே தூக்கிக்கொள்ளும். இரண்டு கார்புரேட்டரும் ஒரே சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கும், ஐடில் ஸ்க்ரூ ஒன்றுதான். இரண்டு பட்டர்ஃப்ளைகளுக்கு நடுவே ஸ்பிரிங்கோடு ஒரு சிறிய ஸ்க்ரூ உண்டு. அதுதான் சிங்க் ஸ்க்ரூ.

கேபிளைப் பிரித்து ஓட்டுவது நிலைக்காது என்பது தயாரிப்பாளர்களுக்குச் சீக்கிரமே புரிந்தது. 1969-இல் வந்த ஹோண்டா சிபி750-இன் முதல் வண்டிகளில் நாலு கார்புரேட்டருக்கும் கேபிள் நாலாகப் பிரிந்து போனது. கொஞ்ச காலத்திலேயே நாலையும் ஒரே இணைப்புத் தண்டில் கட்டிவிட்டார்கள்.

ஐடிலிங்கில் ஏன் இத்தனை பாடு?

சிங்க் போன வண்டி நெடுஞ்சாலையில் வேகமாக நன்றாகப் போகிறது, சிக்னலில் மட்டும் திணறுகிறது என்பார்கள். கேட்பவருக்கு நம்பிக்கை வராது. கணக்குப் போட்டால் வந்துவிடும்.

ஐடிலிங்கில் கதவு முழுதாக மூடியிருப்பதுபோலத் தெரியும். உண்மையில் ஒரு மயிரிழை திறந்திருக்கும். இடது பக்கம் 0.10 மி.மீ, வலது பக்கம் 0.15 மி.மீ என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.05 மி.மீ, ஒரு மெல்லிய தாளின் தடிமன்கூட இல்லை. ஆனால் வலது சிலிண்டருக்கு இடதைவிட ஒன்றரை மடங்கு வழி கிடைக்கிறது. இப்போது ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திருப்புங்கள். கதவு 28 மி.மீ திறந்து நிற்கிறது. அதே 0.05 மி.மீ வித்தியாசம் அங்கேயும் இருக்கிறது, ஆனால் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. இஞ்சினுக்கு அது தெரியவே தெரியாது.

சிங்க் கோளாறு கதவு மூடியிருக்கும்போது பெரிதாகவும், திறக்கத் திறக்கச் சிறிதாகவும் தெரியும் என்பதற்கு இதுதான் காரணம். இதைத் திருப்பிப் போட்டாலும் உண்மை: முழு வேகத்தில்தான் கோளாறு, ஐடிலிங் சுகமாக இருக்கிறது என்றால் சிங்க்கைத் தேடிப் பயனில்லை. மெயின் ஜெட் (முழு வேகத்துக்குப் பெட்ரோல் தரும் துளை), பெட்ரோல் வரத்து, இக்னிஷன் பக்கம் போக வேண்டும்.

ஆர்டி போன்ற கேபிள் வண்டியில் ஒரு கூடுதல் சிக்கல். அங்கே சிங்க் என்பது இரண்டு விஷயம். ஐடிலில் இரண்டு ஸ்லைடும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்பது ஒன்று. அதை முடிவு செய்வது ஐடில் ஸ்க்ரூ. ஆக்ஸிலேட்டரைத் திருப்பியதும் இரண்டும் ஒரே நொடியில் கிளம்புகின்றனவா என்பது இன்னொன்று. அதை முடிவு செய்வது கேபிள். ஐடிலிங் அருமையாக இருந்தும் முதல் ஒன்றிரண்டு மி.மீ திருப்பலில் வண்டி வெட்டுகிறது என்றால் கேபிள்தான் சந்தேகம். பழைய கேபிள் நீளும், ஒரு இழை அறுந்து உறைக்குள் சிக்கும், பிரியும் டப்பாவுக்குள் அழுக்கு சேரும்.

அறிகுறிகள்

சிங்க் பக்கம் கைகாட்டுபவை:

1. ஐடிலிங்கில் இஞ்சின் ஒரு பக்கமாகத் துள்ளும். சத்தத்தில் சீரான தாளம் இருக்காது.

2. ஆக்ஸிலேட்டரை விட்டதும் ஆர்பிஎம் நேராக இறங்காமல், கீழே போய்த் தடுமாறி மேலே வரும்.

3. குறைந்த வேகத்தில், மூன்றாவது கியரில் மெல்ல உருளும்போது இழுத்து விடுவதுபோல ஒரு உதறல்.

4. நாலு சிலிண்டர் வண்டிகளில் கிளட்ச் பக்கத்திலிருந்து ஐடிலிங்கில் ஒரு கடகட சத்தம். கிளட்ச் போய்விட்டது என்று பிரித்துப் பார்ப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு சிலிண்டரும் வெவ்வேறு பலத்தோடு உதைப்பதால் பற்சக்கரங்கள் முன்னும் பின்னும் ஆடும் சத்தம் அது. சிங்க் செய்ததும் அடங்கிவிடுவது வழக்கம்.

5. சமீபத்தில் கார்புரேட்டரை யாராவது பிரித்துச் சேர்த்திருந்தால், மேலே சொன்ன எதுவும் இல்லாவிட்டாலும் ஒருமுறை சோதிப்பது நல்லது.

சிங்க் என்று தவறாக நினைக்கப்படுபவை இன்னும் முக்கியம். ஒரு பிளக் கறுப்பு, ஒரு பிளக் வெள்ளை என்பது அவற்றில் முதலாவது. இது பெரும்பாலும் சிங்க் இல்லை. கதவு கொஞ்சம் அதிகம் திறந்தால் காற்றும் அதிகம் போகும், அதோடு சேர்ந்து பெட்ரோலும் அதிகம் போகும். கலவை பெரிதாக மாறாது. பிளக் நிறம் தலைகீழாக மாறியிருந்தால் கலவையே மாறியிருக்கிறது: ஸ்லோ ஜெட் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் துளை) அடைப்பு, ஃப்ளோட் (கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) உயரம், சோக் சரியாக மூடாதது, அல்லது காற்றுக் கசிவு. இந்த ஒரு அறிகுறியை வைத்தே சிங்க் என்று முடிவுகட்டி நாசமான இஞ்சின்கள் நிறைய.

ஆர்பிஎம் மேலேயே நின்றுகொண்டு இறங்காமல் இருப்பது பெரும்பாலும் காற்றுக் கசிவு. ஹாண்டில் பாரை இடது வலது முழுதாகத் திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது ஆர்பிஎம் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது என்று அர்த்தம், அது கேபிள் போகும் வழியின் கோளாறு. சிவி வகையில் பாதி வேகத்துக்கு மேல் ஒரு சிலிண்டர் சோர்ந்துபோனால் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். ஏர் ஃபில்டரைக் கழற்றி, இரண்டு ஸ்லைடையும் விரலால் தூக்கி விட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி மெதுவாக, தயங்கி இறங்க வேண்டும். ஒன்று பொத்தென்று விழுந்தால் அந்தப் பக்கம் ரப்பரைப் பார்க்க வேண்டும்.

ஆர்டியின் இடது பக்கம்: சிங்க் வேஷம் போடும் ஆபத்து

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே தவறு செய்தால் பிஸ்டன் போகும்.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல்-காற்றுக் கலவை முதலில் கிராங்க் கேஸுக்குள் (இஞ்சினின் அடிப்பெட்டி) போய்த்தான் சிலிண்டருக்கு மேலே ஏறுகிறது. ஆகவே கிராங்கின் இரு முனையிலும் உள்ள ஆயில் சீல் காற்றுப் புகாமல் இருந்தால்தான் கலவை சரியாக இருக்கும். ஆர்டியின் வலது பக்கத்தில் கிளட்ச். வலது சீல் போனால் கியர் ஆயில் உள்ளே உறிஞ்சப்பட்டு வலது சைலன்சரில் வெள்ளைப் புகை கக்கும். எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இடது பக்கத்தில் ஆல்டர்னேட்டரும், பொறி எழும் நேரத்தை முடிவு செய்யும் பாயிண்ட்டும். அங்கே ஆயில் கிடையாது, உலர்ந்த இடம். இடது சீல் போனால் புகை வராது, கசிவு தெரியாது; காற்று மட்டும் சத்தமில்லாமல் உள்ளே போகும். இடது சிலிண்டரின் கலவை பெட்ரோல் குறைந்து வறண்டுபோகும். ஐடிலிங் ஏறி இறங்கும், இரண்டு சிலிண்டரும் ஒத்துப்போகாது, கேட்டால் அச்சு அசல் சிங்க் கோளாறு. அனுபவமில்லாத கை இடது கார்புரேட்டரின் ஐடில் ஸ்க்ரூவைத் தளர்த்தி இரண்டையும் சமன் செய்துவிடும். ஐடிலிங் அடங்கிவிடும், வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிடுவார்கள். கசிவு அப்படியே இருக்கிறது. நெடுஞ்சாலையில் நாற்பது நிமிடம் ஒரே வேகத்தில் போகும்போது இடது பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும்.

அதனால் டூ ஸ்ட்ரோக்கில், நீண்ட நாள் நின்ற வண்டியாக இருந்தால், கார்புரேட்டர் வழியையும் சைலன்சர் வழியையும் அடைத்து, சுமார் 6 பிஎஸ்ஐ காற்றழுத்தம் கொடுத்து, அது சில நிமிடம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் முறை. சைக்கிள் பம்பும் ஒரு சின்ன கேஜும் போதும். அழுத்தம் அதற்கு மேல் போகக் கூடாது, நல்ல சீலும் பிதுங்கிவிடும். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வரும் இடத்தைத் தேட வேண்டும். கார்புரேட்டரை இஞ்சினோடு இணைக்கும் ரப்பரின் அடிப்பக்க வெடிப்பும் இதிலேயே தெரிந்துவிடும்.

கருவி இல்லாமல் என்ன தெரிந்துகொள்ளலாம்

இஞ்சினை முதலில் நன்றாகச் சூடாக்குங்கள். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வருவது உத்தமம். குளிர்ந்த இஞ்சினில் எந்தச் சோதனையும் பொய் சொல்லும்.

1. கை வைத்துப் பார்ப்பது. இரண்டு சைலன்சர் தனித்தனியாக இருக்கும் ஆர்டியில், இரண்டு முனைக்கும் ஓர் அடி பின்னால் இரண்டு உள்ளங்கையையும் பிடியுங்கள். நல்ல வண்டியில் இரண்டு கையிலும் ஒரே கனத்தில், மாறி மாறி, டப் டப் என்று காற்று மோதும். சிங்க் போன வண்டியில் ஒரு கையில் நாலு தடவை அடித்தால் மறு கையில் மூன்று அடி, ஒரு வெறுமை, அதன்பின் ஒரு பலத்த அடி என்று வரும். அந்த வெறுமையை ஒருமுறை கையில் உணர்ந்தால் பிறகு காதுக்கே கேட்க ஆரம்பித்துவிடும். இரண்டு சைலன்சரும் நடுவில் இணைக்கப்பட்ட வண்டியில் இது பலிக்காது.

2. பிளக் தொப்பியைக் கழற்றும் சோதனை. இஞ்சினை நிறுத்தி, ஒரு பக்கத் தொப்பியைக் கழற்றி, அதில் வேறொரு பிளக்கைச் செருகி, அந்தப் பிளக்கின் உடலை சிலிண்டர் ஹெட்டில் தொடும்படி வையுங்கள். அப்படி எர்த் கொடுக்காமல் தொப்பியைச் சும்மா தொங்கவிட்டால் காயிலோ சிடிஐயோ (பொறியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) கெட்டுப்போகும். இப்போது ஒற்றைச் சிலிண்டரில் இஞ்சின் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். பிறகு மறுபக்கம். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே ஆர்பிஎம்முக்கு இறங்க வேண்டும். ஒரு பக்கத்தைக் கழற்றினால் உடனே அணைகிறது, மறுபக்கத்தைக் கழற்றினால் வித்தியாசமே இல்லை என்றால், வித்தியாசம் காட்டாத சிலிண்டர் சும்மா கூட வந்துகொண்டிருக்கிறது. எந்தச் சிலிண்டர் சோம்பேறி என்பதை இது சொல்லும். ஏன் என்பதைச் சொல்லாது.

3. ஸ்லைடு வகைக்கு டிரில் பிட் முறை. ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள், இஞ்சின் ஓடக் கூடாது. ஒரே அளவுள்ள இரண்டு டிரில் பிட்டின் மழுங்கிய தண்டுப் பக்கத்தை, பக்கத்துக்கு ஒன்றாக ஸ்லைடுக்கு அடியில் செருகுங்கள். ஆக்ஸிலேட்டரை மெல்ல, மிக மெல்லத் திருப்புங்கள். இரண்டும் ஒரே கணத்தில் தளர்ந்து விழ வேண்டும். ஒன்று முந்தினால் அந்தப் பக்கக் கேபிள் இறுக்கம். கேபிள் அட்ஜஸ்டரில் சரிசெய்து மறுபடி பார்க்கலாம். ஆர்டிக்கு இந்த முறையே போதும். டூ ஸ்ட்ரோக்கில் வாக்குவம் கேஜ் வைத்துப் போராடுவதைவிட இது நம்பகமானது.

ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு: யு வடிவ டியூப்

நிஞ்ஜா போன்ற வண்டியில் பட்டர்ஃப்ளை கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. அங்கே சிலிண்டர் உறிஞ்சும் வெற்றிடத்தைத்தான் அளக்க வேண்டும். அதற்கென்றே ரப்பர் மூடி போட்ட சிறிய குழாய்கள் கார்புரேட்டரிலோ இணைப்பு ரப்பரிலோ இருக்கும்.

கடையில் கிடைப்பவை வாக்குவம் கேஜ் செட்டுகள், உலோகக் கம்பி ஏறி இறங்கும் அளவிகள். பழைய ஒர்க்‌ஷாப்புகளில் பாதரசக் குழாய் வைத்திருப்பார்கள். பாதரச ஆவி நஞ்சு. உடைந்தால் தரையிடுக்கில் போய் வருடக்கணக்கில் கிடக்கும். அதை வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

இரண்டு சிலிண்டருக்கு மட்டும் என்றால், நாலைந்து மீட்டர் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப் போதும். ஒரு நீளப் பலகையில் யு வடிவில் கட்டி, அடியில் பாதியளவு டூ ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றி, இரண்டு முனையையும் இரண்டு சிலிண்டரின் வாக்குவம் குழாயில் மாட்டுங்கள். எந்தப் பக்கம் அதிகம் உறிஞ்சுகிறதோ அந்தப் பக்கம் ஆயில் ஏறும்.

இவ்வளவு மலிவான ஒன்று துல்லியமாக இருக்குமா என்று சந்தேகம் வருவது நியாயம். எண்களைப் பார்ப்போம்.

பல கார்புரேட்டர் உள்ள ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஐடில் வெற்றிடம் 200 முதல் 250 மி.மீ பாதரசம் அளவில் இருக்கும். பாதரசத்தின் அடர்த்தி 13.6, ஆயிலின் அடர்த்தி சுமார் 0.87. ஆகவே 1 மி.மீ பாதரசம் என்பது ஆயிலில் சுமார் 15½ மி.மீ. ஒரு முனையை மட்டும் மாட்டி மறுமுனையைத் திறந்துவிட்டால் ஆயில் மூன்று முதல் நாலு மீட்டர் ஏற வேண்டும், அதாவது மொத்தமும் இஞ்சினுக்குள் போய்விடும். இரண்டு முனையும் இரண்டு சிலிண்டரில் இருக்கும்போது பொதுவான வெற்றிடம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். வித்தியாசம் மட்டும் தெரியும். கையேடுகள் அனுமதிக்கும் வித்தியாசம் வண்டிக்கு வண்டி 10 முதல் 40 மி.மீ பாதரசம் வரை மாறும். 20 என்று வைத்தால் ஆயிலில் அது 31 செ.மீ. ஓர் அடி ஸ்கேல் நீளத்துக்கு நெருக்கம்! கையேடு அனுமதிக்கும் எல்லையே இத்தனை பெரிதாகத் தெரியும்போது, இரண்டு செ.மீ.க்குள் கொண்டுவருவது கஷ்டமில்லை. சாதாரண முள் கேஜைவிட இந்த டியூப் நுட்பமானது.

கவனிக்க வேண்டியவை:

1. ஒவ்வொரு முனையிலும் ஒரு பழைய ஜெட்டைச் செருகி வழியைக் குறுக்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் ஆயில் குதித்துக்கொண்டே இருக்கும், அளவு எடுக்க முடியாது.

2. தண்ணீர் ஊற்ற வேண்டாம். தவறி உறிஞ்சப்பட்டால் ஆயில் புகையாகப் போய்விடும், தண்ணீர் கேடு செய்யும்.

3. ஆயில் ஒரு பக்கம் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் உடனே இஞ்சினை அணையுங்கள்.

4. அளவு எடுத்தபின் இரண்டு முனையையும் இடம் மாற்றி மாட்டி மறுபடி பாருங்கள். வித்தியாசம் இஞ்சினோடு நின்றால் உண்மை. டியூபோடு சேர்ந்து இடம் மாறினால் உங்கள் ஜெட்டில்தான் அடைப்பு. கேஜ் செட்டுக்கும் இதே விதி.

5. டேங்கைத் தூக்க வேண்டியிருப்பதால் ஒரு சின்ன பாட்டிலில் தனியாகப் பெட்ரோல் கொடுக்க வேண்டும். வாக்குவத்தில் திறக்கும் பெட்ரோல் டேப் இருந்தால் அதன் குழாயை அடைத்துவிடுங்கள். அது திறந்திருந்தால் அதுவே காற்றுக் கசிவு.

6. நின்ற இடத்தில் ஓடும் இஞ்சின் சீக்கிரம் கொதிக்கும். முன்னால் ஒரு டேபிள் ஃபேன் வைக்க வேண்டும். ஷெட் கதவு திறந்திருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

ஸ்க்ரூவைத் தொடும் முன் வரிசை

சிங்க் எல்லா வேலைக்கும் கடைசியில் வருவது. அதற்கு முன் இருக்கும் ஏதாவது ஒன்று கோணலாக இருந்தால், சிங்க் ஸ்க்ரூ அந்தக் கோணலை மூடி மறைக்கும்.

1. கம்ப்ரஷன். இரண்டு சிலிண்டரும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிறுத்திவிடுங்கள், கார்புரேட்டரால் ஆகப்போவது எதுவுமில்லை.

2. ஃபோர் ஸ்ட்ரோக்கில் டேப்பட், அதாவது வால்வு இடைவெளி. ஒரு வால்வு இறுகியிருந்தால் அந்தச் சிலிண்டரின் வெற்றிடமே மாறிவிடும். டேப்பட் பார்க்காமல் செய்த சிங்க், அடுத்த டேப்பட் வேலையோடு மறுபடி போய்விடும்.

3. இக்னிஷன். ஆர்டியில் இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனிப் பாயிண்ட். ஒரு பாயிண்ட்டின் இடைவெளி மாறினால் அந்தப் பக்க டைமிங்கும் மாறும், அதுவும் சிங்க் போனதுபோலவே கேட்கும்.

4. காற்றுக் கசிவு.

5. ஸ்லோ ஜெட் சுத்தம், ஃப்ளோட் உயரம். ஸ்லோ ஜெட்டின் துளை ஊசிமுனை அளவு. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வட்டமாக ஒளி தெரிகிறதா என்று பாருங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும்.

6. கலவை ஸ்க்ரூ, இரண்டு பக்கமும் கையேட்டில் சொன்ன ஒரே அளவில். திசையில் ஏமாற வேண்டாம்: ஆர்டியின் ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருப்பினால் பெட்ரோல் பங்கு கூடும், நிஞ்ஜாவின் பைலட் ஸ்க்ரூவை வெளியே திருப்பினால்தான் கூடும்.

7. இதற்குப் பிறகு சிங்க்.

முதல் ஆறிலேயே பாதி வண்டிகள் சரியாகிவிடும்.

திருப்பும்போது

இரட்டை சிலிண்டரில் ஒரே ஸ்க்ரூ, அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, ஆக்ஸிலேட்டரை ஒருமுறை முறுக்கி விட்டு, இஞ்சின் அடங்கியபின் அளவைப் பாருங்கள். முறுக்கி விடாமல் பார்த்தால் ஸ்பிரிங் சரியாக உட்கார்ந்திருக்காது. ஆயில் உயர்ந்த பக்கம் அதிகம் உறிஞ்சுகிறது, அதாவது அந்தக் கதவு அதிகம் மூடியிருக்கிறது. அதைக் கொஞ்சம் திறக்க வேண்டும். ஒவ்வொரு திருப்பலுக்கும் ஐடில் ஆர்பிஎம் நகரும்; அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் அடுத்த அளவு. ஐடிலில் சமன் ஆனபின் 3,000 ஆர்பிஎம் அருகே பிடித்து மறுபடி பாருங்கள். அங்கே விலகினால் இணைப்புத் தண்டில் தேய்மானம் இருக்கலாம்.

நாலு சிலிண்டரில் மூன்று ஸ்க்ரூ. முதலில் ஒன்றையும் இரண்டையும் தங்களுக்குள், பிறகு மூன்றையும் நாலையும் தங்களுக்குள், கடைசியில் நடு ஸ்க்ரூவால் இரண்டு ஜோடியையும் சமன் செய்ய வேண்டும். நடுவை முதலில் தொட்டால் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருவீர்கள்.

இ20-க்கும் சிங்க்குக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு இல்லை. பெட்ரோல் மாறினால் கதவின் திறப்பு மாறாது. ஆனால் மறைமுகமாக இரண்டு வழியில் குழப்பம் உண்டாகிறது.

முதலாவது, கலவை. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோதான். 20 சதவீதம் கலந்தால் அது 13.5 அருகே இறங்குகிறது. அதாவது அதே காற்றுக்கு எட்டு ஒன்பது சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். இஞ்செக்‌ஷன் வண்டியில் சென்சார் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டரின் ஜெட் துளைக்கு அது தெரியாது. அதனால் பழைய டியூனிங்கில் ஐடில் வறண்டு திணறுகிறது. இது இரண்டு சிலிண்டரிலும் ஒரே அளவில் நடக்கும், ஆகவே சிங்க் டியூபில் வித்தியாசம் காட்டாது. ஆயில் இரண்டு பக்கமும் சமமாக நின்று, வண்டி மட்டும் திணறினால், கலவை ஸ்க்ரூவையும் ஸ்லோ ஜெட்டின் அளவையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, அழுக்கு. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய டேங்கின் படிவைக் கரைக்கும், அந்தக் காலத்து ரப்பரை ஊறவைக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் இது கார்புரேட்டருக்குள் பசையாகவும் துருவாகவும் தங்கும். இரண்டு ஸ்லோ ஜெட்டும் ஒரே நாளில் ஒரே அளவு அடைபடுவதில்லை. ஒன்று முந்தும். அப்போது ஒரு சிலிண்டர் சோர்ந்து, சிங்க் போனதுபோலவே நடக்கும். வண்டியை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால், ஃப்ளோட் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் திறந்து பெட்ரோலை வடித்துவிடுவது இரண்டு நிமிட வேலை.

ஆர்டிக்காரர்கள் மறக்கும் மூன்றாவது கேபிள்

கார்புரேட்டர் கேபிளை இறுக்கியோ தளர்த்தியோ முடித்ததும் வேலை தீர்ந்துவிட்டதாக ஆர்டியை மூடிவிடுகிறார்கள். ஆயில் பம்புக்குப் போகும் கிளை அதே ஆக்ஸிலேட்டரிலிருந்துதான் வருகிறது. கார்புரேட்டர் இரண்டும் முன்பைவிடச் சீக்கிரம் திறக்க ஆரம்பித்து, பம்ப் பழைய இடத்திலேயே நின்றால், பெட்ரோல் கூடும் அளவுக்கு ஆயில் கூடாது. பம்ப் மூடியைக் கழற்றி, கப்பியில் உள்ள குறியும் அதன் ஊசியும் கையேட்டில் சொன்ன நிலையில் சந்திக்கின்றனவா என்று பார்த்துத்தான் மூட வேண்டும். பம்பைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டுபவர்களுக்கு இந்த வேலை இல்லை. மற்ற எல்லோருக்கும் உண்டு.

சரிசெய்து முடித்தபின் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, சூடு குறையும் முன் இரண்டு சைலன்சருக்கும் பின்னால் மறுபடி உள்ளங்கையைப் பிடித்துப் பாருங்கள். இரண்டு கையிலும் ஒரே அடி விழுந்தால் லாக் நட்டுகளை இறுக்கலாம். இறுக்கியபின் இன்னொரு முறை டிரில் பிட்டை வைத்துப் பார்ப்பது அவசியம், ஏனென்றால் நட்டை இறுக்கும்போதுதான் அட்ஜஸ்டர் அரைச் சுற்று கூடவே திரும்பிவிடுகிறது.